சுனாமிக்கு அப்புறம் ஊரைத் தாங்கி நின்றவர்கள்: நீங்கள் நேரில் பார்த்தது

ஆழிமணல்:
2004 டிசம்பர் கடைசியில் கல்லூரியில் திரட்டிய அரிசியோடு லாரியில் போனோம். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைப் பக்கம் ஒரு மீனவர் ஊர். படகெல்லாம் ரோட்டில் கிடந்தது உங்களுக்கும் தெரியும். எனக்கு மனசைவிட்டுப் போகாதவர் அந்த ஊர் நாட்டார், அதாவது ஊர்த் தலைவர். மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, ஊர் வரி கட்டுகிறவர்கள் பேர் எழுதிய வரி நோட்டைப் பிரித்துப் பேர் வாசித்தார். ஆள் இருந்தால் குரல் வரும். இல்லையென்றால் பக்கத்து வீட்டார் சொல்வார்கள். ஒரு பேருக்கு மட்டும் யாரும் வாயே திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "இல்லை" என்று அவரே சொல்லி, அவரே கோடு போட்டார். அது அவர் மகன் பேர் என்று மூட்டை இறக்கும்போதுதான் சொன்னார்கள். அடுத்த பேரை அதே குரலில் வாசித்தாரே, அது எப்படி முடிந்தது?

கரைவலை:
நாட்டார்களை ரொம்பத் தூக்கி வைக்காதீர்கள். எங்கள் ஊரிலும் வரி நோட்டு வைத்துத்தான் நிவாரணம் பிரித்தார்கள். ஆம்பளை இல்லாத வீட்டுக்கு வரி கிடையாது, அதனால் பங்கும் கிடையாது. முன்னாலேயே தாலி இழந்த என் சித்தி, சுனாமியில் மகளையும் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றாள். "உனக்கு வரி இல்லையேம்மா" என்று தணிவாகத்தான் சொன்னார்கள். அந்தத் தணிவுதான் இன்னும் எரிகிறது.

நாகூர்வாசி:
தர்கா இடத்தில் எங்கள் ஜமாஅத்துக்காரர்கள் மதம் பார்க்காமல் அடக்கம் செய்ததைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் பார்த்தது ஒன்று. கழுத்தில் மஞ்சள் கயிறோடு ஒரு அம்மா. குழிக்குள் நின்ற பெரியவர் அண்ணாந்து, "இவங்க முறை யாருக்காச்சும் தெரியுமா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. "சரி, பூவாவது கொண்டாங்க." கடையெல்லாம் அடைப்பு. தர்காவுக்குள் ஓடி, அங்கே சாத்தியிருந்த பூவில் ஒரு கை அள்ளி வந்தேன். வாங்கித் தலைமாட்டில் வைத்துவிட்டு, அவருக்குத் தெரிந்த துஆவை ஓதினார்.

மறைப்பணி:
வேளாங்கண்ணியில் அன்று கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு வேறு. பிள்ளையைத் தேடிய ஒருவர் எங்கள் பாதிரியாரின் அங்கியைப் பிடித்து, "மாதா எங்கே போனாங்க சாமி?" என்று உலுக்கினார். சாமி பதில் சொல்லவில்லை. அவரோடு சேர்ந்து பிள்ளையைத் தேடப் போனார்.

அதனால் சொல்கிறேன். துக்க வீட்டில் எடுத்த எடுப்பில் "எல்லாம் ஆண்டவன் சித்தம்" என்று ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அவர்கள் பேசினால் கேளுங்கள். செத்தவர் பேரைச் சொல்லிப் பேசத் தயங்காதீர்கள், அந்தப் பேரைக் கேட்கத்தான் அவர்கள் ஏங்குவார்கள். காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மறுபடியும் போங்கள். இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று அலையும்போது கூட வர ஒரு ஆள் இருந்தாலே பெரிய பலம். அப்புறம், ஊரைத் தாங்குகிறவரையும் யாராவது கவனியுங்கள். ஆழிமணல் சொன்ன நாட்டாரை அன்று ராத்திரி யார் சாப்பிடக் கூப்பிட்டார்கள்? கரைவலை, உங்கள் கோபம் நியாயம்தான். வரி நோட்டை மாற்றியிருக்க வேண்டும். ஆனால் மகன் பேருக்குக் கோடு போட்ட கையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கரைவலை:
சேர்க்கவில்லை. என் சித்தி பேரையும் யாராவது ஒருமுறை வாசித்திருக்கலாம் என்கிறேன்.