அப்பாச்சி வீட்டுக் குழு: 31ஆம் நாளும் மொங்டன் எயார்போர்ட்டும்

கௌரி: துஷியின் பிள்ளைக்கு 31 சனிக்கிழமை விழுகிறது. ரொறன்ரோவில் இருந்து மொங்டனுக்கு யார் யார் போகிறீர்கள்? ரிக்கற் இன்றைக்கே போட்டால் நல்லது.

ராணி மாமி: எங்களுக்கு முறையாக ஒருவரும் சொல்லவில்லையே

கௌரி: மாமி, இதுதான் சொல்வது

ராணி மாமி: கல்யாணத்துக்கும் இப்படித்தான் குழுவில் போட்டீர்கள்

துஷி: மாமி, இரவு நான் போன் எடுக்கிறேன். பிள்ளை இப்போதுதான் படுத்தது

மயூரன்: காரில் போவோமா? 1500 கிலோமீற்றர்தானே

கௌரி: அப்பாச்சியை வைத்துக்கொண்டா?

மயூரன்: சரி சரி, பறப்போம்

ராணி மாமி: (பலமுறை பகிரப்பட்டது) அவசரம்!! கனடாவின் எயார்போர்ட் எல்லாம் தனியாருக்கு விற்பனை! அடுத்த மாதம் முதல் ரிக்கற் இரண்டு மடங்கு! பத்துப் பேருக்கு அனுப்பவும்!!

ராணி மாமி: உண்மையா சிவம்?

மயூரன்: ஐயோ மாமி, அவரைக் கேட்காதீர்கள்

சிவம் சித்தப்பா: அக்கா, மொங்டன் எயார்போர்ட் ஒரு முதலாளியின் சொத்தாக இருந்தால்தானே விற்க? நிலம் மத்திய அரசாங்கத்தினுடையது. நடத்துவது அந்த ஊர் விமான நிலைய அதிகாரசபை, குத்தகைக்கு. முதலில் 1992-இல் வன்கூவர், கல்கரி, எட்மன்ரன், மொன்றியால் நான்கும் இப்படிக் கைமாறின. 1994-இல் தேசிய விமான நிலையக் கொள்கை என்று ஒன்று வந்தது. அப்புறம் 1996-இல் நம்முடைய ரொறன்ரோ பியர்சன் எயார்போர்ட், 1997-இல் மொங்டன். பங்குதாரர் இல்லை, இலாபப் பங்கு இல்லை. மிஞ்சுகிற காசு திரும்ப எயார்போர்ட்டுக்குள்ளேதான் போக வேண்டும்.

மயூரன்: நிலம் அரசாங்கத்தினுடையது என்றால் அரசாங்கம் விற்கலாம்தானே சித்தப்பா

கௌரி: 😂

சிவம் சித்தப்பா: அந்த யோசனை இல்லாமல் இல்லை. 2016-இல் ஒரு வங்கியை வைத்து ஆராய்ந்தார்கள், பிறகு கிடப்பில் போட்டார்கள். பேச்சு வரும், போகும். ஆனால் இந்தக் குத்தகைகள் பெரும்பாலும் 60 வருஷத்துக்கு எழுதியவை. அடுத்த மாதம் ஒன்றும் நடக்காது. அக்கா, தயவுசெய்து பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டாம்

ராணி மாமி: அனுப்பிவிட்டேன்

ராணி மாமி: அப்போ அங்கே பெரியவர் யார்?

சிவம் சித்தப்பா: நம்மூர் அம்மன் கோயிலை நினையுங்கள். பரிபாலன சபை வரும், போகும். கோயில் ஒருவர் வீட்டுச் சொத்து இல்லை. இங்கே சபைக்கு ஆட்களை நகரசபைகள், வர்த்தகச் சங்கம், மாகாண அரசு, மத்திய அரசு என்று பெயர் குறித்து அனுப்புவார்கள். ஆனால் கதிரையில் இருந்தபின் அனுப்பியவருக்காகப் பேசக்கூடாது, எயார்போர்ட்டுக்காகத்தான் பேச வேண்டும். பதவியில் இருக்கிற அரசியல்வாதி அந்தக் கதிரையில் இருக்கவே முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் வைத்து ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

ராணி மாமி: கணக்குக் காட்ட வேண்டுமா

ராணி மாமி: நல்ல பழக்கம்

மயூரன்: 🍿

கௌரி: மாமி வேண்டாம்

சிவம் சித்தப்பா: அக்கா, ஊர்ச் சங்கத்துக் கணக்கை நான் 2011-இலேயே கையளித்தாயிற்று

ராணி மாமி: கொப்பியை யார் கண்டது

அம்மா: பிள்ளை இன்று 4.1 கிலோ

கௌரி: ❤️❤️

ராணி மாமி: சுற்றிப் போடுங்கள். நிறையைக் குழுவில் எல்லாம் போடக்கூடாது

கௌரி: அம்மா, சரக்குத்தூள் எவ்வளவு?

அம்மா: அரைக் கிலோ. கையில் கொண்டுவராதே, பெரிய பெட்டியில் போடு

மயூரன்: ரிக்கற் பார்க்கிறேன். எயார்போர்ட் மேம்பாட்டுக் கட்டணம் என்று போகவும் வரவும் போட்டிருக்கிறதே. இது உண்டியலா சித்தப்பா?

சிவம் சித்தப்பா: உண்டியல்தான், ஆனால் போடாமல் தப்ப முடியாது. புறப்படுகிற இடத்துக்கு அந்தக் காசு. போகும்போது பியர்சனுக்கு, திரும்பும்போது மொங்டனுக்கு. ஓடுபாதை, கட்டடம் என்று கடன் எடுத்தால் இதில்தான் அடைப்பார்கள். வரிக்காசை நம்பி நடத்துவதில்லை, பாவிக்கிறவன் கட்ட வேண்டும் என்பதுதான் இங்கத்தைய முறை. மறுபக்கம் சபை அரசாங்கத்துக்கு நிலவாடகை கட்ட வேண்டும். வருஷ வருமானத்தில் முதல் 5 மில்லியன் டொலருக்கு ஒன்றும் இல்லை. அடுத்த 5 மில்லியனுக்கு 1 வீதம். இப்படி ஏறி ஏறி 250 மில்லியனுக்கு மேலே போனால் 12 வீதம். அந்த 12 பியர்சன் மாதிரி இடங்களுக்குத்தான். சின்ன எயார்போர்ட்டுக்கு வாடகையை விடப் பெரிய தலையிடி வேறு. ஒரு நாளைக்கு ஐந்து விமானம் வந்தாலும் ஐம்பது வந்தாலும் ஓடுபாதையில் பனி அள்ளத்தான் வேண்டும், தீயணைப்பு வண்டி நிற்கத்தான் வேண்டும். அந்தச் செலவைப் பிரிக்க ஆட்கள் குறைவு.

மயூரன்: ஹலிஃபக்ஸுக்குப் பறந்து அங்கிருந்து கார் எடுத்தால்? கொஞ்சம் மலிவு

கௌரி: இரண்டரை மணித்தியாலக் கார் ஓட்டம். நீயா ஓட்டுவாய்?

சிவம் சித்தப்பா: இப்படி எல்லாரும் ஹலிஃபக்ஸுக்கு ஓடினால் மொங்டனுக்கு விமானம் எப்படிக் கூடும்? மொங்டன் இருக்கிற நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் பத்து இலட்சம் சனம்கூட இல்லை. அதற்குள் மொங்டன், பிரெடரிக்ரன், செயின்ற் ஜோன் என்று மூன்று எயார்போர்ட், மூன்று தனித்தனிச் சபை. ஒன்றாக்கலாமே என்றால் எந்த ஊரும் விடாது

ராணி மாமி: நம்முடைய ஒழுங்கையிலேயே மூன்று பிள்ளையார் கோயில் இருந்ததே

சிவம் சித்தப்பா: 😀 அதுதான்

ராணி மாமி: முந்தி ஒருமுறை என் பெட்டி மூன்று நாள் பிந்தி வந்தது. அதையும் இந்தச் சபையிடம் கேட்கலாமா

சிவம் சித்தப்பா: பெட்டி விமானக் கொம்பனியின் பொறுப்பு அக்கா. பையைச் சோதிப்பது மத்திய அரசின் வேறொரு நிறுவனம். கோபுரத்தில் இருந்து விமானத்துக்கு வழி சொல்வது நவ் கனடா, அதுவும் 1996-இலிருந்து இலாபம் பார்க்காத நிறுவனம்தான். சபையின் கையில் ஓடுபாதை, கட்டடம், பனி, கார்த் தரிப்பிடம், கடை வாடகை.

ராணி மாமி: கேட்டால் அவரிடம் போ இவரிடம் போ. சங்கம் மாதிரித்தான்

துஷி: சித்தப்பா, இங்கத்தைய கட்டடத்தை 2002-இல் எலிசபெத் மகாராணியே வந்து திறந்தவராம்

ராணி மாமி: அப்பாச்சி ஏதோ சொல்கிறா, பொறுங்கள்

ராணி மாமி: (குரல் பதிவு 0:48) அப்பாச்சி: மகாராணி 54-இல் இலங்கைக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது… பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தார்கள்… துஷி, பிள்ளைக்கு வசம்பு கட்டினாயா?

துஷி: ஓம் அப்பாச்சி ❤️

மயூரன்: அப்பாச்சி வருகிறாவா? சக்கர நாற்காலி சொல்லி வைக்க வேண்டும்

ராணி மாமி: நான் வந்தால்தான் அவ வருவா

கௌரி: நீங்கள் வருகிறீர்களா மாமி?

துஷி: நல்ல நேரம் சனி காலை 10.45. ஐயர் ஸ்காபரோவில் இருந்து வீடியோவில் வருவார், இங்கே ஒருவரும் சரிவரவில்லை

ராணி மாமி: எந்த ஊர் 10.45?

துஷி: இங்கத்தைய மணி. நாங்கள் உங்களை விட ஒரு மணித்தியாலம் முன்னே

ராணி மாமி: அப்போ ஐயருக்கு 9.45. ராகு காலமல்லவா

கௌரி: 🤦

சிவம் சித்தப்பா: பிள்ளை இருக்கிற இடத்து மணிதான் கணக்கு

ராணி மாமி: மந்திரம் சொல்கிற இடம்?

துஷி: ஐயரைக் கேட்டுச் சொல்கிறேன்

மயூரன்: பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரிக்கற் 40 டொலர் ஏறிவிட்டது. மூன்றா நான்கா ஐந்தா? சொன்னால் போடுகிறேன்

சிவம் சித்தப்பா: (குரல் பதிவு 6:42)

மயூரன்: சித்தப்பா, இதில் நீங்கள் வருகிறீர்களா இல்லையா என்பது எத்தனையாவது நிமிஷத்தில் இருக்கிறது?

கௌரி: மாமி?

ராணி மாமி: துஷி போன் எடுக்கட்டும்

அம்மா: சரக்குத்தூள் அரைக் கிலோ போதாது. ஒரு கிலோ