மதில் இல்லாத எல்லை: புவெப்லோ ஊர்களில் நீங்கள் பார்த்தது என்ன?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், புவெப்லோ பழங்குடியினரின் பழைய ஊர்கள் இருக்கும் பாண்டலீர் பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏணி ஏறி, மலையில் குடைந்த அறைகளைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என்னோடு வந்த நண்பர் தொல்லியல் படித்தவர். "நாம் நிற்கிற இந்த ஃப்ரிஹோலஸ் பள்ளத்தாக்குதான் எல்லை. வடக்கே டேவா மொழிக்காரர்கள், தெற்கே கெரெஸ் மொழிக்காரர்கள்" என்றார். சுற்றிப் பார்த்தால் ஒரு சின்ன ஓடை, அவ்வளவுதான்.

சான் இல்டஃபான்சோ (டேவா), கோச்சிட்டி (கெரெஸ்) ஊர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் எல்லை அது. மண்ணுக்குள் அதற்குச் சாட்சி உடைந்த பானை ஓடுகள். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் வடக்கே தடித்த, வெளிறிய, பிஸ்கட் மாதிரி மெத்தென்ற ஓடு அதிகம். தெற்கே ஈயம் கலந்த பளபளப்பான கோடுகள் போட்ட ஓடு அதிகம். பானை கைமாறக்கூடியது என்பதால் ஒற்றை ஓட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, விகிதத்தைத்தான் பார்க்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது கல் விஷயம். கத்திக்கும் சுரண்டிக்கும் யாரும் பக்கத்துக் கல்லைத்தான் எடுப்பார்கள். கிட்டத்தில் நல்ல எரிமலைக் கண்ணாடி கிடைத்தும் ஓர் ஊர் தூரத்துக் கல்லையே அதிகம் உடைத்திருந்தால், இடையில் யாரோ வழிமறித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

பதில்:
நான் பார்த்தது கொலராடோவின் மெசா வெர்டே பகுதி. அங்கே ஓர் ஊரின் எல்லை எதுவரை என்று நடைதூரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஊரைச் சுற்றி 2 கி.மீ. வரை தினசரி வேளாண்மை, 7 கி.மீ. வரை மற்றத் தேவைகள், 18 கி.மீ. என்றால் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரம். மேடு பள்ளம் பார்த்து வட்டம் நெளியும். வீட்டு உத்திரங்களின் மர வளையத்தை வைத்துக் காலம் கணிக்க முடியாவிட்டால் இந்தக் கணக்கே நிற்காது. எந்த ஊர்கள் ஒரே காலத்தில் இருந்தன என்று முதலில் தெரிய வேண்டுமே. 13ஆம் நூற்றாண்டில் ஜனம் பெருகி, சாண்ட் கேன்யன் போன்ற பெரிய ஊர்கள் ஊற்றை வளைத்துக் கட்டப்பட்டன. யாருடைய தண்ணீர் என்பது அதிலேயே தெரிகிறது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் எல்லோரும் தெற்கே போய்விட்டார்கள்.

பதில்:
வட்டம் நாம் போடுவது, அவர்கள் போட்டதல்ல. அதனால் எனக்கு ஓடு, கல் மேல்தான் நம்பிக்கை. அப்புறம் ஒன்று: நான் போன இடத்தில் ஒரு தட்டைப் பாறைமேல் அழகழகான ஓடுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கிருந்து பொறுக்கியவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வனக்காவலர் முகம் சுளித்தார். எடுத்துப் போனால் குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். நகர்த்தினாலே கணக்குக் கெட்டுவிடும் என்பதை அறிவிப்புப் பலகையில் இன்னும் பெரிதாக எழுதலாம்.