36 கிலோ அல்சேஷன் இழுத்துக்கொண்டு ஓடுறான், என்னால பிடிக்க ஏலாமல் கிடக்கு

ராணி (வெள்ளவத்தை):

எல்லாருக்கும் வணக்கம். பெரிய நாய் வளர்க்கிற ஆக்கள் இருந்தா கொஞ்சம் வாசிச்சுப் பதில் சொல்லுங்கோ.

சீசருக்கு இப்ப 14 மாசம். அல்சேஷன் கலப்பு. போன கிழமை மிருக வைத்தியரிட்ட நிறுத்துப் பார்த்தம், 36 கிலோ. எனக்கு 61 வயசு, 52 கிலோ. மகன்தான் குட்டியாத் தூக்கிக்கொண்டு வந்தவன். அவன் பெப்ரவரியில படிக்க மெல்பர்னுக்குப் போயிட்டான். இப்ப வீட்டில நானும் சீசரும்தான்.

இருக்கிறது தொடர்மாடியில அஞ்சாம் மாடி. முற்றம் ஒண்டும் இல்லை, காலமையும் பின்னேரமும் கீழ இறக்கியே ஆகவேணும். லிஃப்ட் கதவு அரைவாசி திறக்கேக்கையே பாய்வான். கேற்றைத் தாண்டினா மரைன் டிரைவ் மட்டும் ஒரே இழுவை. கழுத்துப்பட்டி இறுகிக் கர் கர் எண்டு இருமுவான், ஆனா விடமாட்டான்.

போன வியாழக்கிழமை தண்டவாளக் கரையில காகங்கள் ஒரு மீன்தலையைக் கொத்திக்கொண்டு நிண்டதுகள். நான் கவனிக்க முதல் அவன் கண்டிட்டான். பிடி நழுவும் எண்ட பயத்தில லீஷை எப்பவும் கையில ரெண்டு சுத்துச் சுத்தித்தான் வைக்கிறனான். ஒரே இழுவையில விழுந்திட்டன். முழங்கால் உரஞ்சிப் போச்சு, விரல் வீங்கி மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுத்தான் கழட்டினது. நான் விழுந்த உடன அவன் திரும்பி வந்து முகத்தை நக்குறான். கொஞ்ச நேரத்தில மாத்தறைப் பக்கம் போற கோச்சி எங்களைக் கடந்து போச்சு. லீஷ் கையை விட்டுப் போயிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு நினைச்சா இப்பவும் நெஞ்சு பதறுது.

பழக்கிறதுக்கு எண்டு ஒருத்தரைக் கூப்பிட்டனான். மூண்டு நாள் வந்தார். இழுத்தா சுண்டி வெட்டி இழுங்கோ எண்டு காட்டித் தந்தார். இழுவை குறையேல்லை. ஆனா இப்ப நான் கொளுக்கியைப் பூட்டக் கையைக் கொண்டு போனா சீசர் தலையைப் பின்னால எடுத்துக் கண்ணை மூடுறான். முந்தி அப்பிடிச் செய்யிறவன் இல்லை.

மகனும் தங்கச்சியும் வவுனியாவில சொந்தக்கார வீட்டுக்குக் குடுக்கச் சொல்லீனம். அங்க காணி இருக்கு, ஆனா பகல் முழுக்கச் சங்கிலிதான். ராவில நான் எழும்பினா அவனும் எழும்பி வந்து குசினி வாசலில படுத்திருக்கிறவன். எனக்குக் குடுக்க விருப்பம் இல்லை. என்ர வயசில இவனைப் பழக்க ஏலுமா எண்டு மட்டும் உண்மையாச் சொல்லுங்கோ.

குமரன் (தெஹிவளை):

ஏலும் அன்ரி. கட்டாயம் ஏலும். அவனைக் குடுத்திடாதேங்கோ.

நான் மூண்டு பெரிய நாய் வளர்த்தனான், இப்ப இருக்கிறது ஒரு றொட்வைலர். பலத்தால பிடிக்கலாம் எண்டு நினைச்ச காலம் முழுக்க நானும் தோத்துப் போனவன்தான். நாயை ஒரு பக்கம் இழுத்தா அது தன்பாட்டில மற்றப் பக்கம் தள்ளும். நீங்கள் இழுக்க இழுக்க அவனும் இழுப்பான். மற்றது, இழுத்தா காகத்திட்டப் போகலாம், இழுத்தா வாசம் பிடிக்கலாம் எண்டு இவ்வளவு நாளும் அவனுக்கு வெளியில கிடைச்சது எல்லாம் இழுத்துக் கிடைச்சதுதான். அதைத்தான் மாத்தவேணும்.

முதல்ல கழுத்துப்பட்டியில லீஷ் பூட்டுறதை விடுங்கோ. பேர் எழுதின தகடு தொங்குறதுக்கு மட்டும் பட்டி இருக்கட்டும். ஹார்னஸ் எண்டு நெஞ்சையும் முதுகையும் சுத்திப் பூட்டுற பட்டி இருக்கு, அதில நெஞ்சுக்கு முன்னால வளையம் இருக்கிறது ஒண்டு வாங்குங்கோ. கடையில கனக்க முதுகில வளையம் உள்ளதைத்தான் எடுத்துத் தருவினம். அதைப் போட்டா நாய் நெஞ்சு முழுக்கக் குடுத்து இழுக்கும், பனியில வண்டில் இழுக்கிற நாய்களுக்குப் பூட்டுறதும் அந்த மாதிரித்தான். முன்னால பூட்டினா அவன் பாயேக்க உடம்பு உங்கட பக்கம் திரும்பும், பலம் முறிஞ்சிடும். லீஷ் ரெண்டு மீற்றருக்குள்ள இருக்கவேணும், நீண்டு சுருங்கிற பெட்டி லீஷ் வேண்டாம். அது எப்பவும் கொஞ்சம் இறுக்கத்தில நிக்கிறதால இழுத்தாத்தான் நீளும் எண்டு அதுவே படிப்பிச்சு விடும்.

பழக்கத்தை ரோட்டில தொடங்காதேங்கோ. வீட்டுக்குள்ள, பிறகு உங்கட மாடி நடைபாதையில. அவிச்ச கோழி இறைச்சியைக் கச்சான் கொட்டையில பாதி அளவாக வெட்டுங்கோ. உப்பு, வெங்காயம், உள்ளி ஒண்டும் சேர்க்கக் கூடாது, வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. ஈரல் எப்பவாவது குடுக்கலாம், ஒவ்வொரு நாளும் வேண்டாம். இடது முழங்காலுக்குப் பக்கத்தில வந்து நிண்டா ஒரு துண்டு, ஒரு அடி வைச்சா ஒரு துண்டு, பிறகு ரெண்டு அடிக்கு ஒண்டு. துண்டை உங்கட காலோட ஒட்டிக் குடுங்கோ. முன்னால நீட்டினா முன்னாலதான் வருவான். குடுக்கிற அளவைச் சாப்பாட்டில குறைச்சுக்கொள்ளுங்கோ.

லீஷ் இறுகின உடன நில்லுங்கோ. கதைக்க வேண்டாம், சுண்ட வேண்டாம். அவன் திரும்பிப் பார்த்து லீஷ் தொய்ஞ்ச உடன நடவுங்கோ. முதல் கிழமை அரை மணித்தியாலத்தில கேற்றில இருந்து மூலைக் கடைக்கும் போய்ச் சேரமாட்டியள், மனம் விடாதேங்கோ. பத்துத் தரம் நிண்டு பதினோராம் தரம் பாவம் எண்டு விட்டா, இன்னும் கொஞ்சம் இழுத்தாச் சரி எண்டு அவன் விளங்கிக்கொள்ளுவான்.

லிஃப்டுக்கு வேற வழி இருக்கு. கதவு திறக்கேக்க அவனைக் குந்தி இருக்கச் சொல்லுங்கோ. அவன் எழும்பினா வெளியில போகாதேங்கோ, கதவு மூடட்டும். ஆக்கள் குறைஞ்ச நேரம் பார்த்து, மத்தியானம் ரெண்டு மூண்டு மணிக்கு, ஒரு இருபது தரம் மேலயும் கீழயும் போய்வாங்கோ.

ரவி (கொட்டாஞ்சேனை):

சோக் செயின், இழுத்தாக் கழுத்தை இறுக்கிற சங்கிலி, ஒண்டு போடுங்கோ அக்கா, ரெண்டு நாளில நிப்பான். எங்கட அப்பா காலத்தில இருந்து அதுதான்.

ஷாமினி (மவுண்ட் லவினியா):

ரவி அண்ணா, கோவிக்காதேங்கோ, இதில நான் பேசாமல் இருக்க ஏலாது. எங்கட லாப்ரடோர் டெய்சிக்கு அதைத்தான் போட்டனாங்கள். அவள் நிக்கவும் இல்லை, வலியோட இழுக்கப் பழகிட்டாள். பிறகு இருமல் தொடங்கிச்சு. மிருக வைத்தியர் விரலால தொண்டையை மெதுவா அமத்திக் காட்டினவர், தொட்ட உடன இருமினாள். மூச்சுக்குழாயில அடிபட்டிருக்கு எண்டார். கடைசி மட்டும் தண்ணி குடிச்ச உடன இருமுவாள். அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் காதில கேக்குது.

ராணி அன்ரி, சீசர் இப்பவே இருமுறான் எண்டு எழுதியிருக்கிறியள். ஹார்னஸ் வாங்கினாலும் ஒருக்கா வைத்தியரிட்டத் தொண்டையைக் காட்டுங்கோ.

கையைக் கண்டு கண்ணை மூடுறதுக்கு ஒரு கிழமை எடுத்து இதைச் செய்யுங்கோ. ஹார்னஸை நிலத்தில வைச்சு அதுக்குள்ள இறைச்சித் துண்டு போடுங்கோ, பூட்ட வேண்டாம். பிறகு தலை விடுற வளையத்துக்குள்ளால கையை நீட்டித் துண்டைக் காட்டுங்கோ, அவன் தானா மூக்கை விட்டு எடுக்கட்டும். அவசரப்பட்டு ஒரு நாளும் தலையில மாட்டாதேங்கோ.

சிவா மாஸ்டர் (பம்பலப்பிட்டி):

தங்கச்சிக்கு வணக்கம். எனக்கு வயது 70, என் நாய் 40 கிலோ. நீங்கள் விழுந்த விதத்தை வாசித்ததும் இதை உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. லீஷை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள். வளையப் பிடிக்குள் பெருவிரலை மட்டும் விட்டு, மிச்சத்தை மடித்து உள்ளங்கையில் வைத்து, மற்றக் கையால் கீழே பிடியுங்கள். இரண்டு கையும் தொப்புளுக்குக் கிட்ட இருக்க வேண்டும். கை நீண்டால் தோள் போய்விடும். நாய் பாயப் போகிறது என்று தெரிந்தால் ஒரு காலை முன்னே வைத்து முழங்காலைக் கொஞ்சம் மடியுங்கள். செருப்பு வேண்டாம், பின்பட்டி இறுகிய சப்பாத்து போடுங்கள். பிடி நழுவும் என்ற பயத்துக்கு, ஹார்னஸிலிருந்து கழுத்துப்பட்டிக்கு ஒரு குட்டிக் கொளுக்கிப் பட்டி போட்டால் ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும்.

சில மாதங்களுக்குத் தண்டவாளப் பக்கமே வேண்டாம். உள் ஒழுங்கைகளில் நடவுங்கள். ஒழுங்கை நாய்கள் நின்றால் எதிர்ப்பக்கம் மாறி வளைந்து போங்கள், நேரே போனால் அவற்றுக்குச் சண்டைக்கு வருவது போலத் தெரியும். பின்னேரம் என்றால் புறங்கையைத் தாரில் வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அவனுடைய பாதத்துக்கும் சூடுதான்.

இன்னொன்று. இந்த வயதில் அவனுக்கு மணம் பிடிப்பதுதான் பெரிய சந்தோஷம். பத்து அடி நன்றாக நடந்தால் ஒரு மதிலடியில் நின்று ஆசை தீர மணக்க விடுங்கள். என் நாய்க்கு இறைச்சியைவிட அதுதான் வேலை செய்தது.

ராணி (வெள்ளவத்தை):

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுறன். பிந்தினதுக்கு மன்னிக்கவேணும், விரல் ஆறுறதுக்கே மூண்டு கிழமை போச்சு. அதுவரைக்கும் கீழ் வீட்டுத் தம்பிதான் சீசரை இறக்கினவர், குமரன் எழுதினதை அவருக்கும் வாசிச்சுக் காட்டினனான். தொண்டையை வைத்தியர் பார்த்தவர். பட்டியில இழுக்க விடாதேங்கோ, ஆறிடும் எண்டார். இப்ப இருமல் இல்லை.

ஷாமினி பிள்ளை, நீங்கள் சொன்னது ஒரு கிழமையில சரிவரேல்லை, பன்னிரண்டு நாள் எடுத்தது. பதின்மூண்டாம் நாள் நான் ஹார்னஸை நீட்டிக்கொண்டு நிக்க, தலையைத் தானே உள்ள விட்டு என்ர முகத்தைப் பார்த்தான். நான் நிலத்திலயே இருந்து அழுதிட்டன்.

லிஃப்டில இப்ப சொன்னாக் குந்தி இருக்கிறான். நாலாம் மாடி ஐயாவுக்கு முதல்ல அவனோட ஏறப் பயம், நேற்று அவரே கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். ஒழுங்கையில மதில் மதிலா மணந்துகொண்டு லீஷ் தொய்ஞ்சுதான் வாறான். பாண் ஓட்டோ பாட்டோட வந்தாக் கொஞ்சம் இழுப்பான், நான் நிண்டா அவனும் நிப்பான். பூனை கண்டா மட்டும் இன்னும் என்னால ஏலாது. மதிலில பூனை இருந்தாத் தூரத்திலயே திரும்பிடுவன்.

வவுனியாக்கு இல்லை எண்டு மகனுக்குச் சொல்லிட்டன்.

ஒரு கேள்வி. முன் காலுக்குப் பின்னால, கக்கத்தில ஹார்னஸ் பட்டி உரஞ்சி மயிர் கொஞ்சம் கொட்டியிருக்கு. இறுக்கவேணுமா, தளர்த்தவேணுமா?

குமரன் (தெஹிவளை):

அன்ரி, வாசிக்கச் சரியான சந்தோஷம். பட்டிக்கும் உடம்புக்கும் இடையில ரெண்டு விரல் போகவேணும், அவ்வளவுதான். கக்கத்தில உரஞ்சுதெண்டா அனேகமா அளவு சின்னன், வயித்துப் பட்டி காலுக்கு மிச்சம் கிட்ட நிக்குது. கக்கத்தில இருந்து நாலு விரல் பின்னால வாற மாதிரி நீட்டிப் பாருங்கோ. வராட்டி அடுத்த அளவு வாங்கவேணும். வீட்டுக்கு வந்த உடன கழட்டி விடுங்கோ, ஈரமாப் போட்டு வைச்சாப் புண்ணாகும். பூனைக்குத் திரும்பிப் போறதுதான் இப்பைக்குச் சரி. திரும்பேக்க அவன் உங்களோட வந்தா அந்த நேரம் மட்டும் ஒரு துண்டு ஈரல் குடுங்கோ.