எக்ஸ்பேன்ஷன் டேங்க்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

கையேட்டின் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

குழாய்ப் பணி பயில்வோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டு அறைகளை வெந்நீரால் சூடாக்கும் கொதிகலன் அமைப்பு பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமைப்பில் தண்ணீர் நிரப்பும் பாடமும், அதைத் துருவிலிருந்து காக்கும் பாடமும்தான் பாக்கி. இரண்டிலும் ‘எக்ஸ்பேன்ஷன் டேங்க்’ வந்துகொண்டே இருக்கிறது. இப்போதைக்கு ‘விரிவாக்கத் தொட்டி’ என்று போட்டுவைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

பொருள் இதுதான். மூடிய அமைப்பில் 100 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியசுக்குச் சூடானால் ஏறக்குறைய 3 லிட்டர் கூடிவிடும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அந்த 3 லிட்டருக்கு இடம் கொடுப்பது இந்த எஃகுக் கலம். உள்ளே குறுக்கே ஒரு ரப்பர் திரை; ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைத்துவைத்த காற்று. நீர் கூடினால் காற்று சுருங்கி இடம் விடும். ஆறினால் காற்று நீரைத் திருப்பித் தள்ளும்.

துருவைத் தடுக்க ‘இன்ஹிபிட்டர்’ என்று தண்ணீரில் கலக்கும் மருந்துக்கும் ஒரு சொல் வேண்டும்.

தமிழாசிரியர் மறுமொழி:

‘விரிவாக்கம்’ பிறவினை. சாலை விரிவாக்கம் என்றால் சாலையை யாரோ விரிவாக்குகிறார்கள். இங்கே நீர் தானாக விரிகிறது. ‘தொட்டி’ என்றதும் வாய் திறந்த ஒன்று மனத்தில் வந்து நிற்கும். நீங்கள் சொல்வதோ முழுக்க மூடியது. ‘விரிகலன்’ என்று வையுங்கள். கொதிகலன் பக்கத்தில் விரிகலன் பொருந்தி நிற்கும். வினைத்தொகை, ஆகவே ககரம் மிகாது. ‘விரிக்கலன்’ என்று அச்சில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறியியலாளர் ஒருவர்:

ஐயா, விரிகலன் என்றால் விரிகின்ற கலன். எஃகுக் கலன் எங்கே விரிகிறது? படிக்கிற பையன் அது பலூன் மாதிரி உப்பும் என்றல்லவா நினைப்பான்? கொதிகலனையும் முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. இந்த அமைப்பில் தண்ணீர் கொதிப்பதே இல்லை, கொதித்தால் ஆபத்து. ஒரு தவறான சொல்லைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்த வேண்டாம். ‘பெருக்கு நீர்க்கலன்’ என்றால் நீளம்தான், ஆனால் உண்மை.

தமிழாசிரியர்:

செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறில் எதையும் பெயரெச்சம் கொண்டு முடியும். பெயரெச்சத்துக்கு உரியது வினைத்தொகைக்கும் உரியது. உண்கலம் உண்பதில்லை, அதில் நாம் உண்கிறோம். சுடுகாடு சுடுவதில்லை, அங்கே சுடுகிறார்கள். அப்படித்தான் நீர் விரியும் இடமாகிய கலன் விரிகலன். இந்த இலக்கணத்தை மாணவனுக்குச் சொல்லக்கூட வேண்டாம். உண்கலத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை. ‘பெருக்கு’ என்று போட்டால் துடைப்பம்தான் நினைவுக்கு வரும்.

சொல்லாய்வில் ஈடுபாடுள்ள உறுப்பினர்:

புதுச்சொல் எதற்கு? ‘துருத்தி’ இருக்கிறது. கொல்லன் உலையில் காற்றடிக்கும் தோல்பை மட்டும் அன்று அது; நீர் வைக்கும் தோல்பைக்கும் அதே பெயர். தமிழ் விவிலியத்தில் ‘பழந்துருத்தி’ வருகிறதே, அந்த இடத்தைப் பாருங்கள். புதிய திராட்சரசத்தைப் பழைய துருத்தியில் வார்த்தால் துருத்தி கிழிந்துபோகும். ரசம் புளித்துப் பொங்கும்போது நெகிழ்ந்து கொடுக்கப் பழந்தோலுக்கு இயலாது. உங்கள் ரப்பர் திரை செய்யும் வேலையே அந்த நெகிழ்வுதான்! காற்றுக்கும் நீருக்கும் பொதுவான பழஞ்சொல் இது. ‘துருத்திக்கொண்டு நிற்கிறது’ என்கிறோமே, அந்த வினையோடும் உறவு இருக்கலாம். உள்ளிருந்து தள்ளுவதால் புடைப்பது என்ற கருத்து இரண்டிலும் இருக்கிறது. அங்கிருந்து துருவு, துரப்பு என்று போனால்…

மொழிபெயர்ப்பாளர்:

அழகான சொல், ஐயா. ஆனால் அதே பக்கத்தில் ‘துரு’ பதினைந்து இடத்தில் வருகிறது. ‘துருத்தியில் துரு’, ‘துருத்தடுப்பி’, ‘துருத்தி’ என்று அடுத்தடுத்து வந்தால் படிப்பவர் திணறிவிடுவார்.

களத்தில் வேலை கற்றுக்கொடுப்பவர்:

நாங்கள் ‘டேங்க்’ என்றுதான் சொல்கிறோம். இருந்தாலும் தமிழ்ச்சொல் வரட்டும், எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஆனால் வந்திருக்கிற எந்தச் சொல்லிலும் காற்று இல்லை. என் கவலை அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். பல வீடுகளில் ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் அழுத்தம் வரை நிரப்புவோம். பாதுகாப்பு வால்வு 3 பாரில் திறக்கும். டேங்கின் காற்று கசிந்து போயிற்று என்று வையுங்கள். சூடேறும்போது இடம் இல்லாமல் அழுத்தம் ஏறி வால்வு சொட்டும். இரவில் ஆறினால் அழுத்தம் விழும். வீட்டுக்காரர் நிரப்பு வால்வைத் திறந்து புதுத்தண்ணீர் விடுவார். புதுத்தண்ணீரோடு கரைந்த ஆக்சிஜன் வரும், இரும்பை அரிக்கும், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் அடியில் கறுப்புச் சேறு தங்கும். போட்ட மருந்தும் நீர்த்துப்போகும். மறுநாளும் இதே கதை. தானாக நிரப்பும் வால்வு இருந்தால் இன்னும் மோசம், ஒழுகுவதே யாருக்கும் தெரியாது. தண்ணீர் குளிரில் உறையாமல் காக்கும் உறைதடுப்பி கலந்த அமைப்பு என்றால் அதுவும் மெல்ல மெல்ல வெறும் தண்ணீராகிவிடும்.

என்னிடம் வருகிற பிள்ளைகள் டேங்க் முழுக்கத் தண்ணீர் இருக்க வேண்டும் என்றே நினைக்கிறார்கள். சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற வால்வு அதன் அடியில் இருக்கும். ஊசியை அமுக்கினால் காற்று வர வேண்டும். தண்ணீர் பீச்சினால் திரை கிழிந்துவிட்டது, கலத்தை மாற்ற வேண்டியதுதான். நீர்ப்பக்கத்து அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகுதான் காற்றழுத்தம் பார்க்க வேண்டும், அதையும் மறந்துவிடுகிறார்கள். ‘காற்றுக்கலன்’ என்று பெயர் வைத்தால் பாதிப் பாடம் பெயரிலேயே முடிந்துவிடும்.

பொறியியலாளர்:

ஆனால் அமைப்பிலுள்ள காற்றைப் பிரித்து வெளியேற்றும் கருவியும் இருக்கிறதே. ஒன்றில் காற்று வேண்டும், மற்றதில் காற்று ஆகாது. ‘காற்றுக்கலன்’ என்றால் இரண்டும் குழம்பும்.

கறுப்புச் சேற்றுக்குக் ‘கசடு’ என்று போடுங்கள். ‘கற்க கசடற’ படித்த யாருக்கும் அது புதிதில்லை. மருந்துக்குத் ‘துருத்தடுப்பி’ போதாது. துரு இரும்புக்கு மட்டும்தான். செம்பும் அலுமினியமும் அரிபடும், துருப்பிடிக்காது. மூன்றையும் காக்கும் மருந்து ‘அரிமானத் தடுப்பி’.

தமிழாசிரியர்:

தேய்மானம், கட்டுமானம் வரிசையில் அரிமானம் நிற்கும். ‘தடுப்பான்’ வேண்டாம், கருவிக்கும் பொருளுக்கும் இகர ஈறே நன்று: ஊக்கி, கடத்தி, வடிகட்டி. அப்புறம், திரையை (ஆங்கிலத்தில் டயாபிரம்) ‘உதரவிதானம்’ என்று தனிமடலில் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அது உடம்புக்குள்ளேயே இருக்கட்டும்.

சொல்லாய்வு உறுப்பினர்:

திரை என்றால் அலை, சுருக்கம் என்றும் பொருள் உண்டு. துருத்தியில் தோல் சுருங்கி விரிவதை…

மொழிபெயர்ப்பாளர்:

நேரம் நெருங்கிவிட்டது, நண்பர்களே. விரிகலன், கசடு, அரிமானத் தடுப்பி, உறைதடுப்பி, ரப்பர் திரை ஆகியவற்றைச் சேர்த்துவிட்டேன். விரிகலனை ஆசிரியரும் இன்னும் மூவரும் ஆதரித்தார்கள். மறுத்தவர்களும் உண்டு; மற்றவர்கள் எதுவும் சொல்லவில்லை. ‘எக்ஸ்பேன்ஷன் டேங்க்’ என்ற வழக்குச்சொல்லும் முதல் இடத்தில் பக்கத்திலேயே இருக்கும், கடையில் கேட்டு வாங்க அதுதான் உதவும். படத்தில் ‘காற்றுப் பக்கம்’, ‘நீர்ப் பக்கம்’ என்று இரண்டு புறமும் பெரிய எழுத்தில் போடுகிறேன்.

களத்தில் வேலை கற்றுக்கொடுப்பவர்:

படத்துக்கு நன்றி. ஆனால் வேலைக்குப் போகிறவர் படத்தைக் கையில் எடுத்துப் போவதில்லை, பெயரைத்தான் நினைவில் வைத்திருப்பார். என் வகுப்பில் ‘காற்றுக்கலன்’ என்றே சொல்லப்போகிறேன். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுகிறேன்.