ஒரு டன் ஏசியின் எடை என்ன? வெப்பப் பாடத்தில் பிள்ளைகள் கேட்டவை

வில்லிவாக்கம் டீச்சர்:
ஏழாம் வகுப்பு டியூஷனில் வெப்பமும் வெப்பநிலையும் நடத்திக்கொண்டிருக்கிறேன். வெப்பம் ஓர் ஆற்றல், அலகு ஜூல். வெப்பநிலைக்குக் கெல்வின் என்று பிள்ளைகள் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறார்கள். ஒரு மாலை புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுக் கேட்டேன். கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தொடும், ஆனாலும் புறங்கையில் பட்டால் சுருக்கென்று குத்துவதோடு சரி. 90 டிகிரி வெந்நீர் ஒரு டம்ளர் கொட்டினால் மட்டும் தோல் வெந்துவிடுகிறதே, ஏன்?

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கடைசி வரிசைப் பையன், “பொறி ரொம்பக் குட்டி மிஸ், கொடுக்கறதுக்கு அதுகிட்ட ஒண்ணும் இல்ல” என்றான். முழு மதிப்பெண் போட்டேன். துகள்கள் எவ்வளவு வேகமாக அசைகின்றன என்பதைத்தான் வெப்பநிலை காட்டுகிறது. கைக்கு வந்து சேரும் வெப்பமோ பொருளின் நிறையையும் பொறுத்தது. (எரிந்து முடிந்த கம்பியைத் தொடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன். அதற்கு நிறை இருக்கிறது.) உங்கள் வீட்டில் என்ன கேட்டார்கள், எழுதுங்களேன்.

திருவல்லிக்கேணி அப்பா:
எங்கள் வீட்டில் கேள்வி ஏசி மெக்கானிக்கிடம் போனது. சர்வீஸுக்கு வந்தவரிடம் மகள், “அண்ணா, ஒரு டன் ஏசின்னா வெயிட்டே ஒரு டன்னா?” என்றாள். அவர் சிரிக்கவில்லை. “ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகினா ரூம்ல இருந்து எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அவ்வளவு இழுக்கும் பாப்பா” என்று ஃபில்டரைக் கழுவிக்கொண்டே சொன்னார். பாடப்புத்தகம் இதைவிடத் தெளிவாகச் சொல்லுமா என்று தெரியவில்லை.

அவர் போனதும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இந்த டன் அமெரிக்க டன், அதாவது 2,000 பவுண்டு, ஏறக்குறைய 907 கிலோ. பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் ஐஸ் அதே பூஜ்ஜியம் டிகிரித் தண்ணீராக மாற ஒரு கிராமுக்கு 334 ஜூல் வேண்டும். மொத்தம் 30 கோடி ஜூல் சொச்சம். ஒரு நாளின் 86,400 வினாடியால் வகுத்தால் வினாடிக்குச் சுமார் 3,500 ஜூல், அதாவது 3,500 வாட். இவ்வளவு வெப்பம் உள்ளே போயும் தெர்மாமீட்டர் அசையாது என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். கட்டியாக இருந்ததை நீராகப் பிரிப்பதற்கே அத்தனையும் செலவாகிவிடுகிறது. உள்ளுறை வெப்பம் என்ற தலைப்பில் படித்தது இதுதான் என்று அவளே சொன்னாள்.

அடுத்து, “ஏசி இழுக்கறது ஆயிரம் வாட் கரண்ட்தான், அப்புறம் 3,500 எப்படிப்பா வரும்?” நல்ல கேள்வி. ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது, அந்தத் தள்ளுகூலிதான் மின்சாரம். வெளி யூனிட் வழியாக இரண்டும் சேர்ந்து 4,500 வாட் தெருவுக்குப் போகிறது. எங்கள் சந்தில் மாடிக்கு மாடி ஏசி. ராத்திரி பத்து மணிக்கும் நடக்க முடியாத புழுக்கத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி.

பக்கத்திலேயே ஐஸ் ஹவுஸ் இருப்பதால் அங்கேயும் கூட்டிப்போனேன். இப்போது விவேகானந்தர் இல்லம். 1897-ல் அவர் தங்கிய இடம். கட்டியது 1842-ல், ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி. குளிர்காலத்தில் உறையும் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைப் பாஸ்டனிலிருந்து கப்பலில் மாதக்கணக்கில் கொண்டுவந்து இங்கே சேமித்து விற்றார்கள். மரத்தூளில் புதைத்துக் கொண்டுவந்தார்கள். அதற்குள் சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கட்டி பெரிதாக ஆக, அதன் நிறைக்கு வெளிப்பரப்பு குறைவு; ஓரம் மட்டும் கசிந்து நடுப்பகுதி தப்பிவிடும். கூடவே அந்த 334 ஜூல். வழியில் உருகியதும் நிறைய, ஆனால் மிஞ்சியதை வைத்தே வியாபாரம் நடந்திருக்கிறது.

பெரம்பூர் அம்மா:
என் மகன் மின்விசிறி அறையைக் குளிர்விக்கிறது என்று நிரூபிக்கக் கிளம்பினான். தெர்மாமீட்டரை விசிறிக்குக் கீழே தொங்கவிட்டு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனான். 33 டிகிரி, 33 டிகிரி, மறுபடியும் 33. தெர்மாமீட்டர் ரிப்பேர் என்று முடிவு கட்டிவிட்டான்!

தெர்மாமீட்டரின் அடியில் உள்ள குமிழை, அதாவது பல்பைச் சுற்றி ஈரப் பஞ்சு வைக்கச் சொன்னேன். மெல்ல இறங்கி 28-ல் நின்றது. தோலில் ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் எடுத்துக்கொள்கிறது. விசிறி செய்வதெல்லாம் உடம்பை ஒட்டிய ஈரக்காற்றை விரட்டி அந்த ஆவியாதலை வேகப்படுத்துவதுதான். ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் மோட்டாரின் சூடுதான் மிச்சம். இதைச் சொன்ன பிறகு அவனே அணைத்துவிட்டு வெளியே வருகிறான், கரண்ட் பில்லுக்கு நல்லது.

வேலூரில் என் அம்மா வீட்டில் வெயில் இங்கேவிடக் கொடுமை, ஆனாலும் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். சென்னையில் அதே பானை சுமாராகத்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது பானை கசிந்து என்ன பயன்?

மயிலாப்பூர் தாத்தா:
ஈரக்காற்றைத் திட்டாதீர்கள் அம்மா, மே மாதத்தில் நம்மைக் காப்பாற்றுவதே கடற்காற்றுதான். ஒரு கிராம் மணலை ஒரு டிகிரி சூடேற்றத் தண்ணீருக்குத் தேவையான வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதனால் நிலம் சீக்கிரம் கொதிக்கிறது, மேலே எழும் காற்றின் இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் மட்டும் மதியம் தாண்டியும் அது கரையேற முடியாது. அன்றைக்கு 40-ஐத் தாண்டிவிடும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. பேரன் நம்பவே இல்லை.

வில்லிவாக்கம் டீச்சர்:
பெரம்பூர் அம்மா, ஈரப் பஞ்சுச் சோதனையை நாளைக்கே செய்யப் போகிறேன். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் சரிவருமா?

பெரம்பூர் அம்மா:
வராது டீச்சர், அதன் அளவு 35 முதல் 42 டிகிரி வரைதான். பல்ப் வெளியே தெரியும் ஆய்வக தெர்மாமீட்டர் வாங்குங்கள். சிவப்பு ஆல்கஹால் நிரப்பியதாக இருக்கட்டும். பாதரசம் பிள்ளைகள் கையில் வேண்டாம்.