"மேகம் நடக்குது மிஸ், செடி சும்மாதானே நிக்குது?"

பாலர் வகுப்பு ஆசிரியை:

உயிருள்ளவை, உயிரற்றவை என்று படங்களைப் பிரித்து ஒட்டச் சொன்னேன். ஒரு பையன் மேகத்தை உயிருள்ள பக்கமும் செடியை உயிரற்ற பக்கமும் ஒட்டினான். தப்பு என்று சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டு, "ஏன் கண்ணா?" என்று கேட்டேன். தலைப்பில் இருப்பதுதான் பதில்.

அவன் கணக்கில் அது சரிதான். நகர்வதற்கெல்லாம் உயிர் உண்டு என்று இந்த வயதில் நினைப்பார்கள் என்பதை, குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே 1926-லேயே எழுதியிருக்கிறார். போதாக்குறைக்கு நம் பேச்சு வேறு. நாயும் 'வருது', பஸ்ஸும் 'வருது'. பேட்டரி 'செத்துப் போச்சு'. குழந்தை எதை வைத்துப் பிரிக்கும்?

மறுநாள் ஈரப் பஞ்சில் நான்கு அவரை விதைகளும், பக்கத்தில் அதே அளவில் நான்கு கூழாங்கற்களும் வைத்தோம். இரண்டுக்கும் தண்ணீர் தெளித்தது அவன்தான். விதை உப்பியது, தோல் கிழிந்தது, நான்காம் நாள் வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்துக் கீழே வளைந்தது. அவன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குத் தண்ணி பிடிக்கலையா?" என்றான்.

அப்புறம் செடியைத் தொட்டியில் நட்டு ஜன்னலோரம் வைத்தோம். தண்டு வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்தது. தொட்டியைத் திருப்பினோம், இரண்டு நாளில் மறுபடி ஜன்னல் பக்கமே சாய்ந்தது. "மிஸ், செடியும் நகருது, மெதுவா!" என்று கத்திவிட்டு, ஒட்டிய படத்தை அவனே பிய்த்து உயிருள்ள பக்கம் ஒட்டினான். மேகம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதை நான் தொடவில்லை. அது சாப்பிடுமா, குட்டி போடுமா என்று அடுத்த வாரம் அவனிடமே கேட்கப்போகிறேன்.

ஐந்து வயது மகளின் அப்பா:

என் மகள் கேட்டது, "செத்த கரப்பான் எந்தப் பக்கம் அப்பா?" தாளில் இருந்தது இரண்டே கட்டம். கல்லுக்கு ஒருநாளும் உயிர் இருந்ததில்லை, கரப்பானுக்கு இருந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட எனக்கு மனம் வரவில்லை. 'முன்னாடி உயிர் இருந்தது' என்று மூன்றாவது கட்டம் வரைந்தோம். காய்ந்த இலை, இறகு, மர ஸ்கேல் எல்லாம் அதற்குள் போயின.

காய்ந்த விதையையும் அங்கேயே வைக்கப் போனாள். அதற்குள் உயிர் அடங்கி இருக்கிறது என்றேன். இஸ்ரேலில் உள்ள பழைய மசாடா கோட்டையில் கிடைத்த, ஏறக்குறைய 2000 ஆண்டு பழைய பேரீச்ச விதை 2005-ல் முளைத்த கதையையும் சொன்னேன். விதையைக் காதருகே வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். "தூங்குதுப்பா, சத்தம் போடாதீங்க" என்று மெதுவாக உயிருள்ள கட்டத்தில் வைத்தாள்.