கண்ணில் கோளாறு என்று உங்களுக்கு முதலில் எப்படித் தெரிந்தது?

கல்மண்டபம்வாசி
பக்கத்து வீட்டுத் தாத்தா மீன் வாங்கப் போய், நூறு ரூபாய் என்று நினைத்து ஐந்நூறைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டியிருக்கிறார். மீன்கார அக்கா நல்ல மனுஷி, கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ரெண்டு நோட்டையும் ஒரே கலர்ல அடிச்சு வெச்சிருக்கானுங்க" என்று தாத்தா நோட்டு அடித்தவனைத் திட்டினார். பரிசோதித்தால் இரண்டு கண்ணிலும் புரை. அதுவரை பார்வை மங்குகிறது என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. உங்களுக்கோ வீட்டாருக்கோ எப்படிப் பிடிபட்டது? வடசென்னைக்காரர்கள் எழுதுங்கள்.

கொருக்குப்பேட்டை காத்தாடி
என் கதை மொட்டை மாடிக் கதை. பையன்கள் வானத்தைப் பார்த்து "அறுந்துடுச்சுடா!" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். அவர்கள் ஓடுகிற பக்கம் நானும் ஓடுவேன். காத்தாடி எங்கே என்று எனக்குத் தெரியவே தெரியாது. தலைக்கு மேல் வந்து விழும்போதுதான் தெரியும், அதற்குள் வேறு யாராவது பிடித்திருப்பார்கள். மற்றவர்கள் சும்மா பீலா விடுகிறார்கள், யாருக்கும் அவ்வளவு தூரம் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதனைக்கு வந்தார்கள். சுவரில் மாட்டிய அட்டையில் மேலே இருந்த பெரிய எழுத்தைத் தவிர எல்லாம் பூச்சி பூச்சியாக இருந்தது. மைனஸ் நாலு. கண்ணாடி போட்ட அன்று மாடி ஏறிப் பார்த்தால், மணலிப் பக்கம் புகைபோக்கிகள் தனித்தனியாக நிற்கின்றன! அங்கே இத்தனை இருப்பதே அன்றுதான் தெரியும்.

ரெட்_ஃபாலோ
எங்கள் ஏரியாவில் கேரம் ஆடாமல் வளர முடியாது. மன்றத்தில் போர்டுக்கு மேலே ஒரு மஞ்சள் பல்பு தொங்கும். கறுப்புக் காயைக் குறிவைத்து அடிப்பேன், பாக்கெட்டில் விழுந்தது ரெட்டாக இருக்கும். எனக்கு 'அவசரக்குடுக்கை' என்று பெயர் வைத்தார்கள். என் கண்ணுக்கு ரெட் என்பது கொஞ்சம் அழுக்கேறிய கறுப்பு, அவ்வளவுதான். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும், அவர்கள் ஆடிப் பழகிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுகிறவருக்கு உதவியாளர் வேலைக்குத் தேர்வு எழுதி, தேறி, மெடிக்கல் வரைக்கும் போனேன். அந்த வேலைக்கு மெடிக்கலில் ஏ-1 பிரிவு. கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6, அதாவது குறையில்லாத தூரப்பார்வை இருக்க வேண்டும், நிறப்பார்வையும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். எனக்கு 6/6 சுலபமாக வந்தது. அடுத்து புள்ளி புள்ளியாக வட்டம் போட்ட இஷிஹாரா புத்தகம். முதல் பக்கத்தில் 12. அது நிறக்குருடு இருப்பவனுக்கும் தெரியுமாம், அதற்காகத்தான் அந்தப் பக்கமே. அடுத்ததில் 3 என்றேன். டாக்டர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரியா பாத்து சொல்லுப்பா" என்றார். மறுபடி 3 என்றேன். அதில் இருந்தது 8. அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் பாதிக்கு மேல் எனக்கு வெறும் புள்ளிக்கூட்டம்தான்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அண்ணனும் பச்சை மிளகா வாங்கினு வாடான்னா பழுத்ததோட சேர்த்து அள்ளினு வருவான்" என்றார். இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். ஆணுக்கு ஒன்றுதான். தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், அதுவும் ரயில்வே கனவு உள்ள வீடு என்றால் பத்தாவது முடிக்கும் முன்பே. நான் இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன்.

கொருக்குப்பேட்டை காத்தாடி
பைக் ஓட்டுகிறீர்களா நண்பா? சிக்னலில் எப்படி?

ரெட்_ஃபாலோ
மேலே சிவப்பு, கீழே பச்சை. இடத்தை வைத்துத்தான். ராத்திரியில் தூரத்தில் ஒற்றை விளக்கு தெரிந்தால் என்ன நிறம் என்று சொல்ல வராது. ரயில் ஓட்டுகிறவருக்கு வேலையே அதுதான். அதனால் அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

காசிமேட்டான்
எங்கள் பக்கம் வயதான போட்டுக்காரர்கள் கண்ணைப் பாருங்கள். மூக்குப் பக்கத்து வெள்ளையில் இருந்து ஒரு முக்கோணச் சதை கருவிழியை நோக்கி வளர்ந்திருக்கும். எங்கள் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் இருந்தது. வெயில், உப்புக்காற்று, தண்ணியில் பட்டுத் திரும்புகிற கூச்சம். தினம் தினம் இதில் நிற்பவனுக்குக் கண் எப்படித் தாங்கும்? எங்களுக்கு அது நோயாகவே படவில்லை, தொழில் அடையாளம் மாதிரி இருந்தது. ஒருநாள் கரைக்குத் திரும்பும்போது "லைட் எல்லாம் கோடு இழுக்குதுடா" என்றார். சதை கருவிழியைப் பிடித்து இழுத்து, அதன் வளைவையே கோணலாக்கிவிட்டதாம். ஆபரேஷனில் சதையை எடுத்துவிட்டு, அதே கண்ணின் மேல்பக்கத்து மெல்லிய தோலை வெட்டி அந்த இடத்தில் ஒட்டினார்கள். ஒட்டாமல் விட்டால் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகமாம். நான் இப்போது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் போட்டில் ஏறுவதில்லை. "ஹீரோ வர்றாரு" என்று கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

தண்டையார்பேட்டை அக்கா
எங்கள் நைனா வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்டில் எவன் மீதாவது இடித்துக்கொள்வார், உடனே "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அவனையே திட்டுவார். அவருக்குத்தான் தெரியவில்லை. பேப்பர் படிப்பார், டிவியில் ஸ்கோர் சொல்வார். பக்கவாட்டுப் பார்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. படிக்கிற கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் அழுத்தம் பார்த்தார்கள், அதிகம். பிறகு ஃபீல்ட் டெஸ்ட். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நைனா அழுத்தாமலே உட்கார்ந்திருந்தார், "மிஷின் ஓடலை போல" என்றார். கிளாக்கோமா. அழுத்தத்தால் கெட்டுப்போன கண் நரம்பு திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. தினமும் ராத்திரி நான்தான் விடுகிறேன்.

ஒரு தகவல். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் என்ற டாக்டர்தான், கண்ணின் சுவரில் சின்னத் துளை போட்டு அழுத்தத்தை வடியவிடும் ஆபரேஷனை 1909-ல் எழுதி வெளியிட்டார். நம்ம ஊரில் இருந்து போன வித்தை!

பழைய வண்ணை டெய்லர்
எனக்கு நாற்பத்திரண்டு. எம்.சி. ரோடு கடைகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் வந்தால் கை நீண்டுகொண்டே போகிறது. பிளாட்பாரத்தில் ரெடிமேட் கண்ணாடி வாங்கிப் போட்டேன், ஊசி கோக்க முடிகிறது. இது போதுமா? விளக்கெண்ணெய் விட்டால் சரியாகும் என்று மாமியார் சொல்கிறார்.

லென்ஸ் தம்பி
நான் ஆப்டோமெட்ரிஸ்ட், பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி பவர் சொல்கிறவன். டெய்லர் அக்கா, எண்ணெய், தேன், தாய்ப்பால் எதுவும் கண்ணில் வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், கிட்டத்தில் பார்க்கும்போது புடைத்துக்கொள்ள வேண்டும். வயதாக ஆக அது இறுகிப்போகும், நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வரும். ரெடிமேட் கண்ணாடியால் கண் கெடாது. ஆனால் அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர், உங்கள் இரண்டு கண்ணும் ஒன்றாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதைவிட, அந்த அக்காவின் நைனாவுக்கு அழுத்தம் பிடிபட்டதே கண்ணாடிக்குப் போன இடத்தில்தானே? பிளாட்பாரத்தில் அழுத்தம் பார்க்க மாட்டார்கள்.

தாத்தாவின் நோட்டு விஷயம். புரையில் லென்ஸ் மஞ்சளேறி நீல வெளிச்சத்தைத் தடுக்கும். புது நூறு ரூபாய் ஊதா. நீலத்தை எடுத்துவிட்டால் அது சாம்பலாகத்தான் தெரியும், ஐந்நூறும் சாம்பல். தாத்தா சொன்னது அவர் கண்ணுக்கு உண்மைதான்.

காத்தாடி நண்பரே, வெளிச்சத்தை வளைக்கிற வேலையில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் முன்பரப்பே செய்துவிடும், மிச்சம்தான் லென்ஸ். எவ்வளவு வளைத்தாலும் கண் உருண்டை முன்பின்னாக நீண்டிருந்தால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். பெரியவர்களின் கண் சுமார் 24 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய மைனஸ் மூன்று.

கல்மண்டபம்வாசி
பிம்பம் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் பழைய வீட்டில் மதியம் கதவைச் சாத்திவிட்டால் சாவித்துவாரம் வழியாகத் தெரு உள்சுவரில் தலைகீழாக விழும். ரிக்‌ஷா சக்கரம் மேலே, ஆள் கீழே தொங்கிக்கொண்டு போவார். கண்ணிலும் அப்படித்தானா? அப்படியானால் நமக்கு ஏன் எல்லாம் தலைகீழாகத் தெரியவில்லை?

லென்ஸ் தம்பி
கண்ணிலும் தலைகீழ்தான். 1604-லேயே கெப்ளர் என்ற விஞ்ஞானி எழுதிவிட்டார். ஆனால் மண்டைக்குள் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்க யாரும் இல்லை. நரம்பு கொண்டுபோவது சிக்னல். எந்த இடத்துச் சிக்னல் மேலே, எது கீழே என்று மூளை கையோடும் காலோடும் சேர்த்துப் பழகிக்கொள்கிறது. 1890-களில் ஸ்டிராட்டன் என்பவர் உலகத்தைப் புரட்டிக் காட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே திரிந்து பார்த்தார். முதலில் தடுமாற்றம், சில நாளில் கை கால் பழகிவிட்டது.

இந்தப் பழகுகிற குணம்தான் எங்களுக்குத் தலைவலி. ஒரு தாளில் எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடப்பக்கப் புள்ளியையே பார்த்தபடி தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முப்பது சென்டிமீட்டர் வாக்கில் வலப்பக்கப் புள்ளி காணாமல் போகும். நரம்பு வெளியேறும் இடம் அது, அங்கே பார்வையே இல்லை. ஆனால் ஓட்டை தெரியாது, மூளை வெள்ளைத் தாளைப் போட்டு நிரப்பிவிடும். நைனாவுக்கும் அப்படித்தான் நிரப்பிக்கொண்டிருந்தது. அதனால் வீட்டில் எல்லோரும் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு தினசரி காலண்டரைப் படித்துப் பாருங்கள். ஓரப் பார்வை போவது இதில் தெரியாது, அதற்கு அழுத்தமும் நரம்பும் பார்த்தே ஆக வேண்டும்.

பழைய வண்ணை டெய்லர்
இப்போதுதான் பார்த்தோம். எனக்குப் பரவாயில்லை. மாமியாருக்கு வலது கண்ணால் தேதி தெரிகிறது, இடது கண்ணால் காலண்டரே கலங்கலாக இருக்கிறதாம். சர்க்கரை வேறு இருக்கிறது. நாளைக்கு எழும்பூர் கூட்டிப்போகிறேன்.

லென்ஸ் தம்பி
சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள், விழித்திரையைப் பார்க்கக் கண் பாப்பாவை விரிக்கிற மருந்து விடுவார்கள். சில மணி நேரம் கூசும், கிட்டத்தில் படிக்க வராது. கூட ஆள் போங்கள், வண்டி வேண்டாம், தொப்பியோ குடையோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கண்ணாடியையும் மாத்திரைச் சீட்டையும் மறக்காதீர்கள்.